செத்த அப்பாவுக்குக் குரல்

என் அப்பா இறந்துவிட்டார் என்று பேரவை முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். அந்த நேரத்தில் அவர் தேக்கா சந்தையில் ஆட்டுக்கால் விலை கேட்டுவிட்டு, கடைக்காரரை, கடைக்காரரின் ஆட்டை, அந்த ஆட்டை ஏற்றிவந்த கப்பலை என்று வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தார். பையைத் தூக்கிக்கொண்டு நானும் அவரும் புக்கிட் மேரா வீட்டுக்கு வந்தால், வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு மலர்வளையம் நிற்கிறது. 'அமரர் சிதம்பரம். அன்னாரின் மறைவு தமிழ் அசைபட உலகுக்கு ஈடுசெய்ய இயலாத இழப்பு' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார்.

"ஏன்டா ரகு, கார்ட்டூன்ல நான் இதுவரைக்கும் என்னடா செஞ்சேன்?"

"இன்னும் ஒண்ணும் செய்யலப்பா."

"அப்புறம் எப்படிடா இழப்பு? எழவெடுத்தவனுங்க, பூவாவது நல்ல பூவா வெச்சானுங்களா பாரு. பாதி பிளாஸ்டிக்கு."

சொல்லிவிட்டு அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து, பழைய சிநேகிதர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். சாயங்காலத்துக்குள் ஐந்து பேர் வெள்ளைச் சட்டையில் வந்துவிட்டார்கள். கதவைத் திறந்தவரே அப்பாதான். வந்ததற்கு மரியாதையாக ஆட்டுக்கால் சூப் குடித்துவிட்டுப் போனார்கள்.

நடந்தது இதுதான். நான் ரகுபதி, கார்ட்டூன் வரைகிறவன். பதினாறு வருஷமாக எங்கோ ஒரு நாட்டுப் பிள்ளைகள் பார்க்கிற ஒரு முயலுக்குக் கை வரைந்துகொண்டிருக்கிறேன். முகம் வரைகிறவர் வேறு. அவர் என்னைவிட சீனியர். நாற்பது வயது தாண்டியதும் ஒரு வெறி வந்தது. நமக்கென்று ஒரு தொடர் செய்ய வேண்டும், அதுவும் பெரியவர்களுக்கு, அதுவும் தமிழில். உட்கார்ந்து எழுதினேன். 'இன்னும் போகலையா?' என்று பெயர் வைத்தேன்.

புக்கிட் மேராவில் ஒரு குடும்பம். அப்பா முத்தையா செத்து மூன்று வருஷம் ஆகிறது. ஆனால் ஹால் சோபாவை விட்டு எழுந்திருக்கவில்லை. மேலே ஏர்கான் கிடையாது என்று எவனோ சொல்லிவிட்டானாம், அதனால் போகமாட்டேன் என்கிறார். அம்மா ஈமச்சடங்கு நிலையத்தில் பிணங்களுக்கு அலங்காரம் செய்கிறவள். உயிரோடு இருப்பவர்கள் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பதால் அவளுக்குப் பிடிப்பதில்லை. மகன் இன்சூரன்ஸ் முகவர். அப்பாவைப் பார்க்க வரும் செத்த நண்பர்களிடம்கூட பாலிசி விற்கப் பார்க்கிறான். மகள் மட்டும் சரியாக இருக்கிறாள். என்ன கோளாறோ என்று வீடே கவலைப்பட்டு அவளை டாக்டரிடம் கூட்டிப்போகிறது.

முத்தையாவுக்குக் குரல் யார் என்று நான் யோசிக்கவே இல்லை. எங்கள் அப்பாதான். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் கிரேன் ஓட்டியவர். மேலேயிருந்து கீழே கத்திக் கத்தியே உரமேறிய குரல் அது. அதில் புதுக்கோட்டை இருக்கும், மலாய் இருக்கும், வாக்கியத்தின் வாலில் இந்த ஊர் 'லா'வும் வரும். திட்டினால் கேட்கிறவனே சிரித்துவிடுவான். கதையைப் படித்துக் காட்டினபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"டேய், என் குரல் டிவியில வருமாடா? எதிர்வீட்டுக் காது கேக்காதவனுக்கும் கேக்கணும்டா."

வரும் என்று சொல்லிவிட்டேன். சொன்னவன் நான்தான், வேறு யாரையும் குறை சொல்ல முடியாது.

தமிழில் கார்ட்டூன் எடுத்து டிவியில் போட வேண்டுமென்றால் தமிழ் அசைபடக் கலை வளர்ச்சிப் பேரவையின் முத்திரை வேண்டும். லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருக்கிறது அந்த ஆபீஸ். மார்ச் மாதமே விண்ணப்பித்தேன். அதில் ஒரு கட்டத்தில் 'கதாபாத்திரம்: அப்பா, இறந்தவர்' என்றும் பக்கத்துக் கட்டத்தில் 'குரல்: என் அப்பா, சிதம்பரம்' என்றும் எழுதியிருந்தேன். ஆறு மாதம் அதை ஆராய்ந்து, இரண்டு கட்டத்தையும் ஒன்றாகக் கூட்டி, பேரவை மலர்வளையம் அனுப்பியிருக்கிறது.

இதுவே வேறு சமயமாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன். அதற்கு முந்தின வாரம்தான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அப்பாவுக்குத் தொண்டையில் புற்று. உயிர் தப்பும், ஆனால் குரல்வளையை முழுசாக எடுக்க வேண்டும். அக்டோபர் பதினான்காம் தேதி ஆபரேஷன். அதற்குப் பிறகு பேச்சு கிடையாது. ஆறு வாரம் கையில் இருந்தது.

ஆறு வாரத்தில் பதிவு செய்துவிடலாமே, அதில் என்ன கஷ்டம் என்றுதான் உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. பேரவை விதி பதினேழு குறுக்கே நின்றது. அங்கீகாரம் கிடைக்கும் முன்பு பதிவான எந்தக் குரலும் ஏற்கப்படாது. காரணம் கேட்டேன். முன்னொரு காலத்தில் ஒருவர் எல்லாவற்றையும் எடுத்து முடித்துக் கொண்டுவந்துவிட்டாராம். திருத்துவதற்கு ஒன்றுமே இல்லாமல் போய்க் குழு மிகவும் மனம் வருந்தியதாம். அன்றிலிருந்து அந்த விதி.

ஆகவே முதல் வேலை, அப்பா உயிரோடு இருக்கிறார் என்று நிரூபிப்பது. அவரையே கூட்டிக்கொண்டு போனேன். நிகழ்ச்சி அதிகாரி நிவேதிதா என்று ஒரு சின்னப் பெண். நல்ல பிள்ளை. அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

"அங்கிள், சாரி அங்கிள்! ரியலி சாரி. ஆனா சிஸ்டம்ல நீங்க டிசீஸ்ட், அதாவது இறந்தவர்னு லாக் ஆயிடுச்சு. நான் அன்லாக் பண்ண முடியாது லா. தலைவர் ஐயாதான் பண்ணணும்."

பேரவைத் தலைவர் முனைவர் பொன்னம்பலவாணன். அறைக்குள் வந்தார், அப்பாவுக்குக் கைகொடுத்தார், உட்காரச் சொன்னார், சர்க்கரை போடலாமா என்று கேட்டுத் தேநீர் வரவழைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தந்தையார் உயிருடன் இருப்பதற்கு ஆவணம் ஏதும் வைத்திருக்கிறீர்களா?"

அடையாள அட்டையை நீட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"இது அவர் பிறந்ததற்குச் சான்று. பிறந்ததை நாங்கள் மறுக்கவே இல்லையே."

"ஐயா, எதிர்லயே உக்காந்திருக்காரு."

"எதிரே அமர்ந்திருப்பதைக் கோப்பில் சேர்க்க முடியாது, தம்பி."

அப்பா எனக்கு முன்னால் பொறுமை இழந்தார். "ஐயா, டீயில ஈ கெடக்கு. செத்தவன் குடிச்சாப் பரவாயில்லைன்னு குடுத்துட்டீங்களா?" என்றார். தலைவர் புன்னகைத்து, வேறு தேநீருக்குச் சொல்லி, கோரிக்கையைப் பரிசீலிப்பதாகச் சொன்னார். பரிசீலனைக்குப் பத்து நாள் ஆயிற்று. கடைசியில் என் மனைவி அமலா ஒரு யோசனை சொன்னாள். ஆஸ்பத்திரி கொடுத்த ஆபரேஷன் கடிதத்தை அனுப்பினோம். மறுநாளே பதில் வந்தது. 'அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிக்கப்பட்டிருப்பதால், திரு. சிதம்பரம் அக்டோபர் 14 வரை தற்காலிகமாக உயிருடன் இருப்பதாகக் கருதப்படுவார்.'

அப்பா அந்தக் கடிதத்தை ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினார். அமலா மட்டும் சிரிக்கவில்லை. "மாமா, அதை எடுத்துடுங்க, பாக்கவே ஒரு மாதிரி இருக்கு" என்றாள். அவர் எடுக்கவில்லை.

அடுத்தது கதை ஆய்வுக் கூட்டம். நீள மேசை. ஒரு முனையில் தலைவர். அவருக்குப் பக்கத்தில் பார்வையாளர் வளர்ச்சி ஆலோசகர் வெங்கட், கோட்டும் டையுமாக. மறுமுனையில் நான், ஒற்றை நாற்காலியில். எதிரே தண்ணீர்ப் போத்தல் ஒன்று இருந்தது. ஆனால் யாரும் என்னைக் குடிக்கச் சொல்லவில்லை.

"ஒரு நல்ல செய்தியோடு தொடங்குவோம்," என்றார் தலைவர். "எழுத்துரு மிக நன்றாக உள்ளது. எழுத்தின் அளவும் படிக்க வசதியாக உள்ளது."

"நன்றிங்க ஐயா. கதை?"

"கதைக்கு வருவோம். இறப்பு நம் சமூகத்துக்குப் புதிதல்ல. ஆனால் அதை இளையர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டிய அவசியம் என்ன?"

"ஐயா, இது பெரியவங்களுக்கான தொடர். முதல் பக்கத்துலயே போட்டிருக்கேன்."

"பெரியவர்களும் ஒரு காலத்தில் இளையர்களாக இருந்தவர்கள்தாமே."

நான் அந்த முதல் பக்கத்தை எடுத்துத் தூக்கிக் காட்டினேன்.

வெங்கட் தன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினார். ஒரு வட்டப் படம், அதில் கால் பங்கு கறுப்பு. "ரகு, ஃபேமிலில நாலு பேர். அதுல ஒருத்தர் டெட். தட்ஸ் ட்வென்டி-ஃபைவ் பர்சென்ட். நம்ம ஆடியன்ஸ்ல டெட் பீப்பள் அவ்ளோ இல்ல. ரிலேட் பண்ண மாட்டாங்க."

"சரி, அந்த முத்தையா வீட்டில் என்னதான் செய்கிறார்?" என்று தலைவர் கேட்டார்.

"சோபால உக்காந்து எல்லாரையும் திட்டுவாருங்க."

"நாள் முழுவதுமா? மூத்தோர் துடிப்புடன் இருக்க வேண்டும் என்று எத்தனை இயக்கம் நடத்துகிறோம்! இறந்துவிட்டார் என்பதற்காக ஒருவர் இப்படிச் சும்மா உட்காரலாமா? காலையில் எழுந்து மெதுநடை போகட்டும். தொண்டூழியம் செய்யட்டும்."

நிவேதிதா இதையெல்லாம் குறித்துக்கொண்டாள். குறிக்கும்போது தலை நிமிரவே இல்லை. பிறகு தலைவர் எழுந்து ஜன்னலருகே போனார். பேசப்போகிறார் என்று தெரிந்தது. வெங்கட் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"தம்பி, உங்களைப் போன்ற படைப்பாளிகளுக்கு எங்கள் சுமை தெரியாது. நான் இந்தப் பேரவையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் எங்கள் நிகழ்ச்சிகளைப் பற்றி ஒரே ஒரு புகார்கூட வந்ததில்லை. ஒன்றுகூட இல்லை! எப்படிச் சாதித்தோம்? நிகழ்ச்சி எதையும் அவசரப்பட்டு வெளியே விடவில்லை. ஒரு குழந்தையைப் போல உள்ளேயே வைத்துப் பாதுகாத்தோம். இன்று எங்கள் கிடங்கில் எழுபத்து மூன்று தொடர்கள் பத்திரமாக இருக்கின்றன. ஒன்றின் மீதுகூடத் தூசு இல்லை. வாரத்துக்கு இருமுறை துடைக்க ஆள் போட்டிருக்கிறோம். எதற்காக இதெல்லாம்? தமிழுக்காக."

சொல்லும்போது கண் கலங்கியது. நடிப்பு இல்லை, நிஜமாகவே கலங்கியது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அந்தக் கூட்டத்தின் அறிக்கை முப்பத்தெட்டுப் பக்கம். 'எழவு' இருபத்து மூன்று முறை, 'தண்டச்சோறு' பதினொரு முறை, 'போடோ' ஒன்பது முறை என்று ஒரு அட்டவணை. 'போடோ' என்றால் முட்டாள்; அது மலாய்ச் சொல் என்பதால் வேறு குழுவுக்கு அனுப்பப்பட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு சின்ன வெளிச்சம் இருந்தது. குரல் தேர்வுக்கு அப்பாவை அழைத்திருந்தார்கள். தேர்வில் தேறினால் அன்றைக்கே அங்கீகாரம் தரலாம் என்று நிவேதிதா போனில் சொன்னாள். தேதி அக்டோபர் எட்டு.

அப்பா அன்றைக்கு முடிவெட்டிக்கொண்டார். சட்டையை அவரே இஸ்திரி போட்டார். ரயிலில் உதட்டை அசைத்துக்கொண்டே வந்தார். தொண்டை ஏற்கெனவே கரகரத்திருந்தது. நடுநடுவே வெந்நீர் குடித்தார்.

குழு முன்னால் அவர் உட்காரவில்லை. நின்றார். முத்தையா செத்த மறுநாள் பேப்பரில் வந்த தன் படத்தைப் பார்க்கிற காட்சி.

"இந்தப் போட்டோவாடி குடுத்தே? எழவு வீட்டுக்கு வர்றவன் என்னைப் பாத்து அழணும்டி, இதப் பாத்தா சிரிக்க மாட்டானா? பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது, அந்த எமிகிரேஷன்காரனே வேணாம்னு திருப்பிக் குடுத்த போட்டோ லா இது! அட, போட்டதுதான் போட்டீங்க, எவன் பக்கத்துல போட்டிருக்கீங்க பாரு. இந்தப் பக்கம் ராமையா. இருவது வருஷமா என் மூஞ்சில முழிக்காதவன். செத்ததும் எம்பக்கத்துல வந்து படுத்துக்கிட்டான், போடோ!"

வெங்கட் மேசையில் கவிழ்ந்துவிட்டார். நிவேதிதா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். தலைவர்? தலைவரும் சிரித்தார். பல் தெரிய, தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். எழுபத்தொரு வயதில் ஒரு மனுஷன் முகம் அப்படிப் பூத்து நான் பார்த்ததில்லை. கிடைத்துவிட்டது, அவ்வளவுதான், இன்றைக்கே ஸ்டூடியோவுக்குப் போகிறோம் என்று நினைத்தேன்.

தலைவர் சிரித்து முடித்தார். அவர் முகம் மெல்ல மாறியது, பூட்டாமல் வீட்டை விட்டு வந்தவருக்கு நடுவழியில் நினைவு வருமே, அது மாதிரி.

"குறித்துக்கொள்ளுங்கள்," என்றார். "குழுவில் சிரிப்பு ஏற்பட்டது. மேலாய்வு தேவை."

"ஐயா, காமெடிதானே? சிரிக்கத்தானே வேணும்?"

"சிரிப்பதில் தவறில்லை, தம்பி. ஆனால் நாங்கள் முன்னறிவிப்பின்றிச் சிரித்துவிட்டோம். எங்களுக்கே இப்படி என்றால் பொதுமக்களின் நிலை என்ன?"

மேலாய்வுக்கு எத்தனை நாள் என்று கேட்டேன். பதினான்காம் தேதியைச் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். தலைவர் என் தோளைத் தட்டினார். "கவலை வேண்டாம். உங்கள் கோப்பில் 'அவசரம்' என்று முத்திரையிடச் சொல்கிறேன்" என்றார். சொன்னபடியே இட்டார்கள். அந்த முத்திரை குத்திய கோப்புகளுக்குத் தனி அலமாரி இருந்தது. அதன் சாவி விடுப்பில் போயிருந்த ஒருவரிடம் இருந்தது.

பதின்மூன்றாம் தேதி மத்தியானம் வரை பார்த்தேன். ஒரு தகவலும் இல்லை. அமலா வேலைக்கு லீவ் போட்டிருந்தாள். "விதியாவது மண்ணாவது, எடுத்து வைங்க" என்றாள். துணி அலமாரியைத் திறந்து, சேலைகளை இரண்டு பக்கமும் ஒதுக்கி, நடுவில் ஸ்டூல் போட்டு அப்பாவை உட்கார வைத்தோம். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க அமலா போர்வையைத் தூக்கிப் பிடித்தாள். நான் போனை நீட்டிக்கொண்டு மண்டியிட்டேன்.

நாற்பது நிமிஷம். முதல் அத்தியாயம் முழுக்க. இடையில் குரல் மூன்று தடவை அறுந்தது. "இரு, இரு" என்று சைகை காட்டி, வெந்நீர் குடித்துவிட்டு அதே வரியை மறுபடி எடுத்தார். அவர் அன்றைக்குப் பேசினது மாதிரி யாரும் பேச முடியாது. அமலாவின் கையிலிருந்து போர்வை நழுவிக்கொண்டே இருந்தது. சிரிப்பை அடக்குகிறாளா அழுகையை அடக்குகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, என் நிலைமையும் அதுதான்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில், உள்ளே கொண்டுபோகும் முன் ஏதாவது சொல்வார் என்று பக்கத்திலேயே நின்றேன். அவர் தாதியைப் பார்த்து, "நேத்து ராத்திரி கஞ்சியில உப்பே இல்ல லா" என்றார். எழுபத்தொரு வருஷப் பேச்சில் அதுதான் கடைசி.

அங்கீகாரக் கடிதம் பதினாறாம் தேதி வந்தது.

பேரவை மனமுவந்து வாழ்த்தியிருந்தது. திரு. சிதம்பரத்தின் 'உயிர்த்துடிப்புள்ள குரலை' வெகுவாகப் பாராட்டியிருந்தது. உடனே அந்த அலமாரிப் பதிவை அனுப்பினேன். உடனே திரும்பி வந்தது. பதிவு நாள் பதின்மூன்று, அங்கீகாரம் பதினாறு, விதி பதினேழு. 'அதே குரலில், அதே உணர்ச்சியுடன், புதிதாகப் பதிவு செய்து அனுப்பவும்.'

நிவேதிதாவுக்குப் போன் போட்டேன்.

"சார், நான் ட்ரை பண்ணேன் சார். ஃபைல் டேட் பாத்துட்டு சிஸ்டமே ரிஜெக்ட் பண்ணிடுது. நீங்க அப்பீல் பண்ணுங்க. அப்பீல் ஃபார்ம் அனுப்புறேன்."

படிவத்தைப் படித்தேன். மேல்முறையீடு செய்பவர் பாதிக்கப்பட்ட நபராகவே இருக்க வேண்டும். அவர் நேரில் வந்து தன் தரப்பை வாய்மொழியாக மட்டுமே விளக்க வேண்டும். எழுத்து மூலமான விளக்கங்கள் ஏற்கப்படா.

அப்பாவைப் பேசவைத்துக் காட்டுங்கள் என்று நேரில் போய்க் கத்தினேன். துணிக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். தலைவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. விதியை உங்களுக்காகத் தளர்த்தினால், நாளை குரல் இழந்த எல்லோரும் வரிசையில் நிற்பார்களே?" என்று கேட்டார்.

தொடரையே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அதற்கும் விதி இருந்தது. அங்கீகரித்த நாளிலிருந்து கதாபாத்திரங்கள் ஐந்து வருஷத்துக்குப் பேரவைக்குச் சொந்தம். முத்தையாவை நான் என் வீட்டுச் சுவரில் வரைந்தாலும் தப்பு.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். கழுத்தில் துணி கட்டி, அதன் கீழே இருந்த துளை வழியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். போனில் தட்டிக் காட்டினார். 'விடு. எவன் குரலாச்சும் வரட்டும். மூஞ்சியாவது டிவியில வருதான்னு பாப்போம்.' முத்தையாவுக்கு நான் அப்பாவின் மூஞ்சியைத்தான் வரைந்திருந்தேன்.

அந்த மூஞ்சியும் வரவில்லை. நான்கு மாதத்தில் என்ன நடந்தது என்று சுருக்கமாகச் சொல்கிறேன், விரித்துச் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. முத்தையா இறக்கவில்லை, வெளிநாட்டில் பணிபுரிகிறார் என்று ஆயிற்று. சோபாவில் உட்காருவதில்லை, வீடியோ அழைப்பில் வருகிறார். வழுக்கையும் தொப்பையும் தவறான முன்னுதாரணம் என்பதால் முடி முளைத்தது, வயிறு உள்ளே போயிற்று. அம்மா மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்கிறாள். மகன் இன்சூரன்ஸை விட்டுவிட்டு நீர் சேமிப்பைப் பற்றிப் பேசுகிறான். மகளை யாரும் டாக்டரிடம் கூட்டிப்போவதில்லை. தொடரின் பெயர் 'இனிதே இல்லம்'. முத்தையாவுக்குக் குரல் ஒரு முன்னாள் செய்தி வாசிப்பாளர். "மகனே, நலமா? மழை பெய்யக்கூடும், குடை எடுத்துச் செல்" என்று அவர் சொன்னால் வானிலை அறிக்கை கேட்ட மாதிரியே இருக்கும்.

பிப்ரவரியில் வெளியீட்டு விழா. பேரவை தொடங்கிய நாள் முதல் வெளியே வருகிற முதல் தொடர் என்பதால் பெரிய மண்டபம், முந்நூறு நாற்காலி. அப்பா கிளம்பி வந்தார். வேண்டாமே மாமா என்று அமலா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் கழுத்துத் துணிக்கு மேலே காலர் பட்டனைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

படம் இருபத்திரண்டு நிமிஷம். ஒருவரும் சிரிக்கவில்லை. அது பெரும் வெற்றி என்று முன்வரிசையில் பேசிக்கொண்டார்கள். அப்பா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. முத்தையா வரும்போதெல்லாம் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். தன்னைத் தேடினார் என்று நினைக்கிறேன்.

பிறகு அறிவிப்பாளர் பெண் தாளைப் பார்த்துப் படித்தாள். "அடுத்து, முத்தையா கதாபாத்திரத்தின் அசல் குரலுக்குச் சொந்தக்காரர், திரு. சிதம்பரம் அவர்கள் நன்றியுரை ஆற்றுவார்."

கோப்பில் குரல் என்ற கட்டத்தில் இன்னும் அப்பா பெயரே இருந்திருக்கிறது. எவனோ அதைப் பார்த்து நிகழ்ச்சி நிரல் அடித்திருக்கிறான். நான் எழுந்து கையை ஆட்டினேன். நிவேதிதா மேடைப் பக்கத்திலிருந்து ஓடிவந்தாள். அதற்குள் அப்பா எழுந்துவிட்டார். என் கையைத் தட்டிவிட்டுப் படியேறினார்.

மைக் முன்னால் நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வாயைத் திறந்து பேசத் தொடங்கினார்.

சத்தம் இல்லை. ஒலிபெருக்கியில் காற்று மட்டும் வந்தது. ஒலிக்காரர் மைக்கில் கோளாறு என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டினார், காற்று பெரிதாயிற்று. மண்டபத்தில் இருமல்கூட இல்லை. நான்கு மாதமாக அவர் உதட்டைப் பார்த்துத்தான் அவர் பேச்சைத் தெரிந்துகொள்கிறேன், அதனால் எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. அவர் முத்தையாவாகப் பேசவில்லை, சிதம்பரமாகப் பேசினார். முன்வரிசையில் ஒவ்வொரு ஆளாக விரல் நீட்டி, அவனவனுக்கு உரியதை அவனவனுக்குக் கொடுத்தார். நடுவில் ஒரு தடவை, "என் குரலத் திருடிட்டு எனக்கே பூ வெக்கிறீங்களாடா?" என்றார். மற்றதை இங்கே எழுத முடியாது. கழுத்து நரம்பு புடைத்தது, துணி உள்ளே போய் வெளியே வந்தது. அமலா என் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "மாமா என்ன சொல்றாங்க? என்ன சொல்றாங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

இரண்டு நிமிஷம் ஆனதும் தலைவர் மேடைக்கு வந்தார். கண்கள் நனைந்திருந்தன. அப்பாவின் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார். மைக்கை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பெருமக்களே, இருபத்திரண்டு ஆண்டுகளாக எத்தனையோ உரைகளைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு கண்ணியமான ஓர் உரையை இந்த மேடை கேட்டதில்லை. இதில் நீக்குவதற்கு ஒரு சொல் உண்டா? திருத்துவதற்கு ஓர் இடம் உண்டா? ஐயாவின் இந்த உரையைப் பேரவை முழுமையாக அங்கீகரிக்கிறது."

முந்நூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அப்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.